வங்கதேச ஒப்பந்தம்: எம்பிக்கள் எதிர்த்தால் நிற்குமா?

கேள்வி: பேட்லாக்_திருப்பூர்

உள்நாட்டுக்கு டி-சர்ட் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. காதர்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் போன வாரம் ஒரு பீஸை நீட்டி, "இந்த ரேட்டுக்கு முடியுங்களாண்ணா?" என்றார். கழுத்து லேபிளில் 'மேட் இன் பங்களாதேஷ்'. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையலில் குறை சொல்ல இடமில்லை, தோளில் டேப் கூட வைத்திருக்கிறான். இந்த லட்சணத்தில் அவர்களோடு விரிவான வணிக ஒப்பந்தம் போடப் பேச்சு வேறு. நம் எம்பிக்கள் சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டால் நின்றுவிடுமா?

பதில்: காங்கயத்தான்

சரக்கு ஏற்கெனவே வரியில்லாமல்தாங்க வருது. 2011லேயே துணிமணிக்கு சுங்கவரியை எடுத்துவிட்டார்கள். உள்நாட்டுக் கலால் வரிக்கு ஈடாக இறக்குமதிக்குப் போட்டிருந்த மிச்ச வரியும் 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் போயிற்று. இப்போது இறக்குமதிக்குக் கட்டும் ஐஜிஎஸ்டியை வாங்குகிறவர் கணக்கில் கழித்துக்கொள்கிறார்.

பதில்: ஆடிட்டர்_ஆபீஸ்

கையெழுத்துப் போட மந்திரிசபை போதும், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. வரியைக் குறைப்பதும் சுங்கச் சட்டம் 25ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கையில் முடிந்துவிடும். மக்களவை நடைமுறை விதிகளில் 193ஆம் விதியில் விவாதம் கேட்டால் பேசலாம், ஓட்டு கிடையாது. 184ல் கேட்டால் ஓட்டு உண்டு. 2012 டிசம்பரில் சில்லறை வணிக அந்நிய முதலீட்டுக்கு அப்படித்தான் நடந்தது. மக்களவையில் 253க்கு 218 என்று அரசு தப்பியது. ஆளுங்கட்சியிடம் எண்ணிக்கை இருக்கும்வரை அந்த வழி நமக்கு உதவாது.

அதனால் 'எதிர்த்துப் பேசுங்க' என்று மனு கொடுத்துப் புண்ணியமில்லை. கையெழுத்துக்கு முன்னால், துணி எங்கே செய்தது என்ற விதியைப் பிடிக்கச் சொல்லுங்க. இப்போதிருக்கும் தெற்காசிய வணிக ஒப்பந்தமான சாஃப்டாவில் பின்தங்கிய நாடுகளுக்கு 30 சதவீத உள்நாட்டு மதிப்பு சேர்ந்தால் போதும். சீனத் துணியை டாக்காவில் வெட்டித் தைத்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். துணியும் அங்கேயே பின்னியதாக இருக்கணும், இல்லாவிட்டால் நூலாவது இங்கிருந்து போயிருக்கணும் என்று எழுத வைத்தால் கதை மாறும். ஐ.நா. குறித்தபடி 2026 நவம்பர் 24ல் வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலை விட்டு வெளியேறணும். பட்டியலில் இருப்பதால் கிடைக்கும் வரிச்சலுகைக்குப் பதிலாகத்தான் அவர்களுக்குப் புது ஒப்பந்தம் வேண்டியிருக்கிறது. கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

பதில்: பெருந்துறை_நூல்

கோபித்துக்கொள்ளாதீங்க, எங்கள் மில்லுக்கு ஒப்பந்தம் வரணும். எங்கள் 30ஆம் நம்பர் நூல் கோன் தூத்துக்குடியில் கப்பலேறி சிட்டகாங் போகிறது. 2025 ஏப்ரலில் அவர்கள் இங்கிருந்து தரைவழியாகப் போகும் நூலை நிறுத்தினார்கள். மே 17ல் நம் அரசு அங்கிருந்து தரைவழியாக வரும் ஆடையை நிறுத்தி, மும்பைப் பக்கம் நவசேவா, கொல்கத்தா துறைமுகம் மட்டும் என்றது. சண்டை முற்றிக் கடல்வழிக்கும் வந்தால் எங்களுக்கு ஷிப்ட் குறையும். பெருந்துறையும் திருப்பூரும் ஒரே மக்களவைத் தொகுதி வேறு. எம்பி பாவம், காலையில் உங்களுக்கு ஒன்று, சாயங்காலம் எங்களுக்கு ஒன்று பேசணும்.

பேட்லாக்_திருப்பூர்

கோபமெல்லாம் இல்லைங்க. நூல் இங்கிருந்து போகணும் என்ற விதி உங்களுக்கும் லாபம்தானே? அப்போ ஒரே மனுவாகப் போட்டால் என்ன? ஆடிட்டர் அண்ணா, அந்த வாசகத்தை மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்தீங்கன்னா எங்கள் சங்கத்தில் வைக்கிறேன்.