எழுத்தும் நட்பும் ஒரே படப் புத்தகத்தில்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மதுரைக்காரி:

போன மாதம் புத்தகக் கண்காட்சியில் ஒரு படப் புத்தகம் வாங்கினேன். உயிரெழுத்து பன்னிரண்டு, அதற்குப் பன்னிரண்டு விலங்குகள், எல்லாரும் நண்பர்கள். அணில் அன்பாக இருக்கும். ஆமை ஆறுதல் சொல்லும். ஒட்டகம் ஒத்துழைக்கும். ஐ வந்ததும் விலங்கு கிடைக்கவில்லை போல, ஐந்து எறும்புகளைப் போட்டுச் சமாளித்திருந்தார்கள். ஔ-வுக்கு வழக்கம்போல ஔவையார் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். என் பையனுக்கு ஐந்து வயது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தப் பாட்டி யாரோட ஃபிரெண்டு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை.

ஒரு வாரம் தினமும் படித்தோம். பிறகு, "அ எங்கே இருக்கு, காட்டு" என்றேன். அணிலின் வாலைக் காட்டினான். சரி, எழுத்துதான் ஏறவில்லை, நட்பாவது ஏறியதா என்றால் அதுவும் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிவப்பு கிரையானைப் பிடுங்கிக்கொண்டான். அவள் அழுகிறாள். "ஒருத்தர் அழுதா என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "ஆமை ஆறுதல் சொல்லும்" என்று ராகத்தோடு ஒப்பித்தான். கிரையானைத் தரவில்லை.

இந்த மாதிரிப் புத்தகம் யாருக்காவது பலித்திருக்கிறதா? வாங்கியது, செய்தது, ஏமாந்தது எதுவானாலும் எழுதுங்கள்.

கோவைக்காரன்:

ஏமாந்த கதை என்னிடம் இருக்கிறது. நான் வாங்கியதில் ப என்ற எழுத்துக்கு மேலே ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. ஆங்கிலத்தில் கரடிக்கு 'பேர்'. படத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். என் மகள் இன்றைக்கும் கரடியைப் பார்த்தால் "ப" என்கிறாள். அதற்கப்புறம் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளை எடுத்து அச்சுப்போட்டுக் கொடுக்கிறேன். அவை எழுத்து கற்றுத்தரும் புத்தகங்கள் இல்லைதான். ஆனால் கரடி கரடியாக இருக்கிறது.

சாக்பீஸ் டீச்சர்:

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், பத்தொன்பது வருடமாக. மதுரைக்காரி அம்மா, உங்கள் பையன் மேல் தப்பில்லை. எழுதிப் பழகும் பிள்ளைக்கு அ கஷ்டமான எழுத்து. சுழித்து, வளைத்து, கோடு இழுக்க வேண்டும். நாங்கள் ட, ப, ம என்று கோட்டு எழுத்துகளில் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று போவோம். கடையில் விற்கும் புத்தகங்கள் அ-வில் தொடங்குவது பெரும்பாலும் பெற்றோருக்கு அந்த வரிசை மனப்பாடம் என்பதால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துக்கு ஒரு விலங்கு, விலங்குக்கு ஒரு நல்ல குணம் என்ற ஏற்பாடு உயிரெழுத்தோடு நின்றுவிடும். தமிழில் ண, ழ, ள, ற, ன எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. அவற்றின் பெயரில் ஒரு முயலோ மயிலோ எங்கே கிடைக்கும்? அந்தப் பக்கங்களில் புத்தகம் போடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

நான் செய்தது வேறு. எங்கள் வகுப்பில் ண, ந, ன மூன்றும் பெரிய தலைவலி. பழைய வாத்தியார்கள் இவற்றுக்கு வைத்த பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். எந்த எழுத்தோடு ஒட்டி வருமோ அந்த எழுத்தின் பெயர் முன்னாலேயே இருக்கிறது. கூட்டாளி பெயரைச் சொல்லித்தான் ஆளையே கூப்பிடுகிறோம்! சார்ட் அட்டையை மடித்துத் தைத்து ஆறு பக்கத்தில் ஒரு புத்தகம் செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு எழுத்துகள் கை கோத்து நிற்கும். சங்கில் ங், க. பஞ்சில் ஞ், ச. வண்டியில் ண், ட. பந்தில் ந், த. பாம்பில் ம், ப. கன்றில் ன், ற. இலக்கணத்தில் இதற்கு இன எழுத்து என்று பெயர். பிள்ளைகளிடம் ஜோடி என்றேன். பந்து என்று எழுதும்போது எந்த 'ந' என்று கேட்டு நிற்கிறவர்கள் அந்த வருடம் குறைந்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் நாம் போட்ட கோட்டோடு நிற்பதில்லையே. ஒருத்தி எழுந்து, "ய, ர, ல, வ, ழ, ளவுக்கு யாருமே இல்லையா டீச்சர்?" என்றாள். இல்லைதான், இடையினத்துக்கு இன எழுத்து கிடையாது. "அவங்க ஆறு பேரும் ஒரே கூட்டம்" என்று தப்பித்தேன். அடுத்து ஒரு பையன், "ஃ?" என்றான். செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் பள்ளி அவனுக்கு மூன்றாவது. ஆறு வயதுக்குள். ஃ-க்குத் தனிநிலை என்றே ஒரு பெயர் உண்டு. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு "நாளைக்குச் சொல்றேன்" என்று விட்டுவிட்டேன். வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது. அஃது, இஃது, எஃகு. முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லின உயிர்மெய், நடுவில் ஃ. தொல்காப்பியம் சொன்ன இடம் அதுதான். பெயர்தான் தனிநிலை, ஆனால் அந்தப் பழைய சொற்களில் அது ஒருபோதும் ஓரத்தில் நின்றதில்லை. மறுநாள் ஏழாவது பக்கம் ஒன்றைத் தைத்தேன். எ, ஃ, கு மூன்றும் கை கோத்து நிற்கிற படம். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தால் அவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அவன் கல்லெறிந்து புளியங்காய் அடிப்பதில் கெட்டிக்காரன். நண்பர்கள் அதனால் வந்தார்கள்.

ஸ்கார்பரோ அப்பா:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது கனடா. மகளுக்கு விஜயதசமியில் ஏடு தொடக்கினோம், தட்டில் பச்சையரிசி பரப்பி அ எழுதினாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. சென்னையில் வெளிவரும் தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகங்களை ஊரில் இருந்து வருகிற ஆட்களிடம் சொல்லி எடுப்பிப்பேன்.

வகுப்பில் அவளுக்கு ஒரு சிநேகிதி, சென்னைப் பிள்ளை. இருவரும் சேர்ந்து ஒரு எழுத்துப் புத்தகம் வாசித்தார்கள். ழ பக்கத்தில் வாழைப்பழம். என் மகள் "வாளைப்பளம்" என்று வாசித்தாள், எங்கள் வீட்டில் அப்படித்தான் கதைப்போம். அந்தப் பிள்ளை "வாயப்பயம்" என்றது. யார் சரி என்று சண்டை. அதே பக்கத்தின் அடியில், நண்பர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யக்கூடாது என்று ஒரு வரி. அதை இருவரும் மாறி மாறி ஒருவருக்கு ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள், சண்டையின் ஆயுதமாக. பிறகு ஆசிரியரிடம் போனார்கள். அவர் நாக்கை மடித்து வடிவாக ழ சொல்லிக் காட்டினார். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள், அவரைப் பார்த்து. அன்றிலிருந்து ஒட்டு.

ஓய்வுபெற்ற தாத்தா:

பேத்திக்கு ஆத்திசூடிப் படப் புத்தகம் ஒன்று வந்தது. 'ஙப் போல் வளை' பக்கத்தில் ஒரு பையன் பெரியவரை வணங்கிக் குனிந்து நிற்கிறான். அப்படியும் பொருள் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது மற்றது. ங வரிசையில் வழக்கில் வருவது ங ஒன்றுதான். ஙா, ஙி, ஙீ என்று மற்றவற்றுக்கு வேலை இல்லை. ஆனாலும் ங-வை முன்னிட்டு அந்த வரிசை முழுக்க நெடுங்கணக்கில் இருக்கிறது. அப்படி உன்னைச் சேர்ந்தவர்களை அணைத்துக்கொள் என்று பொருள். பேத்திக்கு இதைச் சொன்னேன்.

"மத்த எழுத்தெல்லாம் வேலையே செய்யாதா தாத்தா?"

"செய்யாதும்மா."

"அப்புறம் ஏன் வீட்டுப்பாடத்துல எல்லாத்தையும் எழுதச் சொல்றாங்க?"

ஔவையார் இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். கை பழக்கத்தில் லை, னை, ணை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பழைய சுழியைப் போட்டுவிடுவேன். பேத்தி அதை யானைத் தும்பிக்கை என்பாள். வகுப்பிலும் ஒரு நாள் தும்பிக்கை வைத்து எழுதி, டீச்சர் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். வட்டத்துக்கு உள்ளே பேத்தி இரண்டு காதும் வாலும் வரைந்து வைத்திருக்கிறாள்.

மதுரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன ஜோடிகளை நேற்றுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பாம்பு மட்டும் பிடித்தது, மற்றதெல்லாம் பாம்புக்கு இரை என்று முடிவு செய்துவிட்டான். ஃ பற்றியும் சொன்னேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

இன்று காலை அந்த விலங்குப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், ஔவையாரின் கோலுக்குப் பக்கத்தில், தடித்தடியாக மூன்று புள்ளிகள். "இது பாட்டியோட ஃபிரெண்டு" என்றான். புள்ளிகள் சிவப்பு. கிரையான் இன்னும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.