முழுசாக ஒரு பொம்மை: எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களில் பெரும்பாலோருக்குத் தைக்கத் தெரியும். ஆனால் ஒரு உருப்படியை முதலிலிருந்து கடைசி வரை தானே தைத்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கை ஏற்றுவார், இன்னொருவர் கழுத்துப் பட்டி வைப்பார். அப்புறம் கீழ்மடிப்பு, லேபிள், பிசிர் வெட்டுதல், செக்கிங், அயர்ன் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் பல வருஷம் செக்கிங்கில் இருந்தேன். வேலை முழுக்க அடுத்தவர் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான்.

எங்கள் துணிப் பொம்மைக் குழுவுக்கு வருகிறவர்களை அங்கே இழுத்து வருவது பொம்மை ஆசை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு பொருளைத் தன் கையாலேயே தொடங்கி, தன் கையாலேயே முடித்துப் பார்க்கிற ஆசை அது.

சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு காலையில் கறி எடுப்பது, துணி துவைப்பது, வீட்டைக் கூட்டுவது எல்லாம் முடிய மதியம் ஆகிவிடும். மூன்று மணி வாக்கில் ஒரு அக்கா வீட்டு மொட்டை மாடியில், ஷீட் போட்ட நிழலில் கூடுவோம். கம்பெனியில் டெய்லராக இருப்பவர்கள், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்கள், ஒரு பள்ளிக்கூட டீச்சர், நர்சிங் படிக்கிற பெண் ஒன்று. துணிக்குப் பஞ்சமே இல்லை. கட்டிங் வேஸ்ட்டை ஆளுக்கொரு பை கொண்டு வந்து நடுவில் கொட்டினால் அதிலேயே பாதி உலகத்து நிறம் கிடைக்கும். நல்ல பெரிய துண்டு வேண்டும் என்றால் பனியன் துணிக் கடைகள் இருக்கிற காதர்பேட்டைக்குப் போய் எடுத்து வருவோம்.

முதலில் சொல்ல வேண்டியது கை ஏற்றுகிற அக்காவைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கிற பவர் டேபிளில் உட்கார்ந்தவர். உருப்படிக்கு இவ்வளவு என்கிற பீஸ் ரேட்டில் கை ஏற்றி ஏற்றியே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். முதல் பொம்மைக்குக் கை கால் மூட்டுகிற வேகத்தைப் பார்த்து நாங்கள் வாய் பிளந்து நின்றோம். முகத்துக்கு வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாத்துக்கும் பேட்டர்ன் இருக்குது. மூஞ்சிக்கு யாரு கண்ணு பேட்டர்ன் குடுப்பாங்க?" என்றார்.

முகம்தான் பொம்மையில் கஷ்டமான இடம். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருமே கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் சரிபாதியில்தான் கண் வரும். சின்னக் குழந்தை முகம் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நூல் கீழே. அதனால் நூல் கோப்பதற்கு முன்னால் கறுப்புத் தலை வைத்த இரண்டு குண்டூசியைக் குத்திப் பார்ப்போம். கொஞ்சம் விலக்கிக் குத்தினால் வெகுளியாகத் தெரியும். நெருக்கினால் கோபம் வந்துவிடும். ஒரு கண்ணைச் சற்றே ஏற்றினால் ஏதோ கேட்கிற மாதிரி பார்க்கும். அக்கா அந்தக் குண்டூசிகளோடு பல ஞாயிறுகள் உட்கார்ந்திருந்தார். குத்துவார், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்ப்பார், பிடுங்குவார். கடைசியில் ஒரு நாள், "எங்கம்மா இப்படித்தான் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு நூல் கோத்தார்.

அந்தப் பொம்மையைப் பையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டே டவுன் பஸ்ஸில் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்த அம்மா, "எந்தக் கம்பெனி பீஸுங்க?" என்று கேட்டிருக்கிறார். "கம்பெனி இல்லீங்க, நானே தெச்சது. முழுசும்." அடுத்த வாரம் இதை எங்களிடம் சொல்லும்போது அந்த 'முழுசும்' என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

கட்டிங் மாஸ்டர் வந்தது இன்னொரு கதை. ஓய்வு பெற்றவர். மனைவியைக் கொண்டு வந்து விட வருவார், தெருவிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் கூடுகிற இடம் என்று கூச்சம். ஒரு நாள் மழை வந்ததால் மேலே ஏறினார். நாங்கள் இன்டர்லாக் என்கிற பின்னல் துணியில் பொம்மைக் கால் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர், "அம்மணி, லூப் ஓடுற திசை கால் நீளத்துக்கு வரணும். இழுவை அகலத்துல இருக்கோணும். மாத்தி வெட்டுனா பஞ்சு அடைக்க அடைக்கக் கால் நீண்டுக்கிட்டே போகும்" என்றார். இரண்டு மாதிரியும் வெட்டி, அடைத்துக் காட்டினார். ஒரே அளவில் வெட்டிய இரண்டு கால், ஒன்று உருண்டு திரண்டு நின்றது, இன்னொன்று புடலங்காயாக நீண்டுவிட்டது. அன்றிலிருந்து அவரும் உறுப்பினர். அவர் சாக்குக் கட்டியால் கோடு போட்டுத் தருவதற்காகவே காத்திருக்கிறவர்கள் உண்டு.

இந்த இன்டர்லாக் பற்றி ஒரு விஷயம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் 1919-இல் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளி முறையிலிருந்து வந்த ஒரு பொம்மை வகை இருக்கிறது. உள்ளே ஆட்டு ரோமம் அடைத்து, தோலுக்குப் பருத்தி இன்டர்லாக் போடுவார்கள். கண்ணும் வாயும் சின்னதாக ஒரு தையல் மட்டும். சிரிப்பையோ அழுகையையோ குழந்தையே நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக முகத்தை அப்படி விட்டுவிடுவார்கள். டீச்சர் இதைச் சொன்னபோது மாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம். அவர் காலமெல்லாம் வெட்டிய துணி அது. அதில் பனியன், குழந்தைச் சட்டை, இரவு உடுப்பு எல்லாம் வெட்டியிருக்கிறார். பொம்மைக்குத் தோலாகவும் அதுவே ஆகும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. நாங்கள் ரோமத்துக்குப் பதில் ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சு அடைக்கிறோம். இலவம்பஞ்சும் அடைத்துப் பார்த்தாயிற்று. கைக்கு அவ்வளவு சுகமாக இருக்கும், ஆனால் காற்றில் பறந்து, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகவில்லை. துவைத்தாலும் கட்டி தட்டிவிடுகிறது. குழந்தை கையில் போகிற பொம்மை துவைக்கிற மாதிரி இருந்தே ஆக வேண்டும்.

ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தங்கச்சியும் எங்களோடு சேர்ந்தது. மாடி வீட்டு அக்காவின் லைன் வீட்டில் குடியிருந்தது. முதலில் வாசற்படி அருகே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். எங்களுக்கு இந்தி வராது, அதற்குத் தமிழ் வராது. ஒரு நாள் அதுவே எழுந்து வந்து, குவியலில் இருந்து ஒரு நீளத் துண்டை எடுத்தது. இரண்டு பக்கமும் சுருட்டியது, நடுவில் மடித்தது, மடித்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே நூலால் இறுக்கிச் சுற்றியது. தலை வந்துவிட்டது. இன்னொரு சின்னச் சுருட்டலைக் குறுக்கே செருகிக் கட்டியது. கை வந்துவிட்டது. மிச்சத் துண்டைச் சேலை மாதிரிச் சுற்றி முந்தானையைத் தோளில் போட்டது. ஊசியே தொடவில்லை. எங்களில் வயதானவர், "இதத்தான சாமி எங்க அப்பத்தா செஞ்சு குடுக்கும்!" என்று கத்திவிட்டார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்கப்புறம் அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த தமிழெல்லாம் பொம்மைத் தமிழ்தான். ஊசி, நூல், பஞ்சு, கழுத்து, காது, இறுக்கிக் கட்டு, பிரி. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் "கழுத்து இறுக்குது" என்று அதுவே சொன்னதாக, கூடப் போன நர்சிங் படிக்கிற பொண்ணு வந்து சொன்னது. வெளியூர்க்காரர்கள் நம் ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து கைவேலை செய்கிற இடம் இந்த ஊரில் எத்தனை இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. கம்பெனியில் பக்கத்து மெஷினில் இருந்தாலும் டார்கெட்டுக்கு நடுவே பேச நேரம் இருக்காது.

நிறத்தைப் பற்றியும் எங்களுக்குள் பெரிய பேச்சு நடந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் தோலுக்கு வெளிர் துணியையே தேடினோம், யாரும் சொல்லாமலேயே. டீச்சர்தான் ஒரு நாள் நிறுத்தினார். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதியர் 1940-களில் கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் கொடுத்துப் பார்த்ததையும், நிறைய குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்று கை காட்டியதையும் சொன்னார். இனம் பிரித்துத் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கவைப்பது செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பு சொன்னபோது அவர்களுடைய ஆய்வும் குறிப்பிடப்பட்டது. "நாம இங்க யாருக்குப் பொம்மை செய்யறோம்?" என்று கேட்டார்.

சரி என்று பழுப்பு நிறத் துணிகளைத் தேடினோம். ஒரு ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய அடர் பழுப்பு இன்டர்லாக் கிடைத்தது. வெளிர் துணியை டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறவைத்து மாநிறமும் வரவழைத்தோம். பக்கத்து அங்கன்வாடிக்கு எல்லா நிறத்திலும் கொண்டுபோய் வைத்தோம். பார்க்க வந்திருந்த ஒரு தாய், "கொஞ்சம் கலரா இருக்கறதாக் குடுங்க" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய பெண் குழந்தையே அடர் பழுப்புப் பொம்மையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது எங்க அத்தை" என்றது. அத்தைக்காரி வாசலில் நின்றிருந்தார். அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். எல்லாக் குழந்தையும் அப்படி எடுத்துவிடவில்லை, வெளிர் பொம்மைகளுக்கும் போட்டி இருந்தது. இருந்தாலும் அன்றைக்குப் பிறகு எங்கள் கூடையில் எல்லா நிறமும் இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை.

ஆரோவில்லுக்குக் குழுவாகப் போய் வந்தோம். சுனாமிகா பொம்மையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுடைய நோக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005-இல், ஆரோவில்லில் இருக்கிற உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனமும் அதைத் தொடங்கிய உமா பிரஜாபதியும் அந்தக் கரையோர மீனவப் பெண்களைச் சேர்த்து, மிஞ்சிய துணித் துண்டுகளில் செய்யவைத்த பொம்மை அது. விரல் உயரம்தான் இருக்கும். அதை விற்பதில்லை, அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் நன்கொடை தரலாம், செய்கிற பெண்களுக்குக் கூலி உண்டு. அந்தப் பொம்மை செய்த ஒரு அக்காவிடம் பேசக் கிடைத்தது. "அப்ப கடல் பக்கம் முகத்தையே திருப்ப மாட்டோம். வீட்ல இருந்தா அழுகை. இதுல உட்கார்ந்தா கை பாட்டுக்கு ஓடும், பக்கத்துல ஆளு இருக்கும்" என்றார். எங்கள் கை ஏற்றுகிற அக்கா ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கட்டுகிற முடிச்சைப் பார்த்துத் தானும் ஒன்று கட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து பேசியது பாதி நூலைப் பற்றி, பாதி மகன்களைப் பற்றி. திரும்பி வந்த பிறகும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

விற்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் மனஸ்தாபமும் வந்தது. சிலருக்குக் காசு உண்மையிலேயே தேவை, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வருகிறார்கள். சிலருக்கு விலை என்று வந்தால் மறுபடி டார்கெட், மறுபடி பீஸ் ரேட் என்று பயம். இரண்டு ஞாயிறு சிலர் வரவே இல்லை. குழந்தைகள் விளையாடுகிற பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும், மத்திய கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது என்பதையும் மாஸ்டர் விசாரித்து வந்து சொன்னார். கடைசியில் மாடி வீட்டு அக்காதான் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தார். குழந்தைகளுக்குச் செய்வதை விற்பதில்லை. அதில் பட்டன் கண்ணோ மணியோ எதுவும் இருக்காது, வாயில் போனாலும் கழன்று வராதபடி எல்லாம் நூல் தையல்தான். நவராத்திரிக் கொலுவுக்குச் செய்கிற அலங்காரப் பொம்மைகளை மட்டும் விற்கலாம், செய்தவருக்கே பணம், அதில் ஒரு சின்னப் பங்கு குழுவுக்கு.

இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. கொலு செட்டுக்கு நெசவுத் தறி, பூக்காரம்மா, சந்தையில் தக்காளி விற்கிற பாட்டி என்று அவரவருக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். ஒடிசா தங்கச்சி செய்த ஜகந்நாதருக்குத்தான் போன வருஷம் முதல் ஆளாகக் கேட்டு வந்தார்கள். அந்த வட்டக் கண்ணை வெட்டி ஒட்டாமல் வட்டம் வட்டமாகத் தைத்தே நிரப்பியிருந்தது.

குழுப் பங்காக வந்த பணத்தில் முதலில் வாங்கியது ஒரு நல்ல கத்தரி. மாஸ்டரே கடைக்குப் போய், நாலைந்தை விரலில் மாட்டி வெட்டிப் பார்த்து எடுத்து வந்தார். அதில் பேப்பர் வெட்டக் கூடாது என்பதுதான் மாடிச் சுவரில் நாங்கள் எழுதி ஒட்டியிருக்கிற ஒரே விதி. தமிழிலும் ஒடியாவிலும் எழுதியிருக்கிறோம்.