குறைந்தபட்ச ஓடருக்கு எக்செல் சூத்திரம்: மூன்று பெட்டி இடிக்கிறது

வணக்கம். ஹட்டனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மழை தொடங்கும் முன் குடை, ரப்பர் செருப்பு எல்லாம் இறக்க வேண்டும். எத்தனை எடுப்பது என்று எக்செலில் கணக்குப் போடுகிறேன்.

குடைக்குத் தேவை 70, கையில் 31. அப்படியென்றால் 39 வேண்டும். ஆனால் 50க்குக் குறைந்து தரமாட்டார்கள், பெட்டிக்கு 12. முதலில் சீலிங் (முழுப் பெட்டி வரும்படி மேலே கூட்டும் சூத்திரம்) போட்டு 48 ஆக்கி, அப்புறம் 50உடன் மேக்ஸ் (இரண்டில் பெரியதை எடுக்கும் சூத்திரம்) போட்டேன். 50 வந்தது. நாலு பெட்டியும் இரண்டு குடையுமா என்று மொத்த வியாபாரி சிரித்தார். இப்போது மேக்ஸ் உள்ளே, சீலிங் வெளியே. சரியாக 60 வருகிறது. தேவையே இல்லாவிட்டால் பூச்சியம் வர இஃப் என்ற நிபந்தனைச் சூத்திரம் போட்டிருக்கிறேன்.

சிக்கல் இனித்தான். எல்லாச் சாமானும் சேர்த்து 20 பெட்டி எடுக்க வேண்டுமாம். எனக்கு 17தான் வருகிறது. மிச்சம் மூன்றையும் எத்தனை வாரத்துக்குக் கையிருப்பு தாங்கும் என்று பார்த்து, குறைவாகத் தாங்கும் சாமானில் போட நினைக்கிறேன். ஒரு பெட்டி போட்டதும் அந்த வரிசையே மாறிவிடுகிறதே! மேக்ரோ (எக்செலுக்குள் எழுதும் சிறு நிரல்) இல்லாமல் சூத்திரத்திலேயே முடியுமா? என்னிடம் இருப்பது 2016 எக்செல். வரிசைப்படுத்தும் சோர்ட், தெரிந்தெடுக்கும் ஃபில்டர் சூத்திரங்கள் அதில் இல்லை. சோல்வர் (நிபந்தனைகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடித்தரும் எக்செல் கருவி) பாவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 10ஆம் திகதி தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாள், அதற்கு முன் சாமான் வந்தாக வேண்டும்.