சேத்துல நிக்காத நங்கூரம்: பட்டறையில அடிக்கலாமா, கடையில வாங்கலாமா?

தேவகோட்டைக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்க மச்சான் தொண்டியில 22 அடி பைபர் வல்லம் வச்சிருக்காரு, நானும் அதுல பாதிப் பங்கு, ஆனா நமக்கு கடல் தெரியாது, கண்மாயத் தாண்டி தண்ணி பாத்ததே கம்மி. இப்ப இருக்கிற நாலு கொக்கி நங்கூரம் 8 கிலோ, சேத்துல நிக்கவே மாட்டேங்குது, காத்து கொஞ்சம் ஏறுனா வல்லம் பாட்டுக்கு பின்னாடி போயிருது. மச்சான் என்னடான்னா 15 கிலோவுல ஒண்ணு அடிச்சுட்டு வா மாப்ளங்கறாரு. காரைக்குடியில தெரிஞ்ச வெல்டிங் பட்டறை இருக்கு. இல்லாட்டி பெயிண்ட் டப்பாவுல கான்கிரீட் ரொப்பி வளையம் சொருகிப் போட்டுறலாமான்னும் யோசனை, செலவு கம்மி. எது சரி?

தொண்டி வலைக்காரன்:
தம்பி, மொதல்ல கயிறு எம்புட்டு விடுறாகன்னு கேளு, எடைய அப்பறம் பாக்கலாம். நங்கூரம் கனத்துனால மட்டும் நிக்காது, படுத்துக் கொத்தணும், அதுக்கு கயிறு தாழ்வா வந்து இழுக்கணும். கயிறு கொறைஞ்சா ஒவ்வொரு அலைக்கும் வல்லம் ஏறி நங்கூரத்தத் தூக்கி விட்டுரும். 3 பாகம் தண்ணின்னா 18 அடி, அணியம், அதான் வல்லத்தோட முன்பக்கம், தண்ணிக்கு மேல ஒரு 3 அடி, ஆக 21, அதுல அஞ்சு மடங்கு 105 அடி விடணும், காத்து அடிச்சா ஏழு மடங்கு, 150 அடி கிட்ட வந்துரும். கயித்துக்கும் நங்கூரத்துக்கும் நடுவுல 2 பாகம் சங்கிலி போடச் சொல்லு, அது தரையில கெடந்து நங்கூரத்தோட நீளத் தண்டப் படுக்க வைக்கும், பார்ல, அதான் கடலடிப் பாறையில, ஒரசுனாலும் கயிறு அறுபடாது. கயிறு நைலானா இருக்கட்டும், இழுத்தா கொஞ்சம் நீண்டு குடுக்கும். பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறு மெதக்கும்ப்பா, அடுத்தவன் ப்ரொப்பல்லர்ல சுத்துச்சுன்னா அன்னைக்கு கரையில பஞ்சாயத்துதான்.

பட்டறைக்காரன் காரைக்குடி:
கான்கிரீட் டப்பாவ விட்டுருங்க. 20 கிலோ கான்கிரீட் கடத்தண்ணிக்குள்ள போனா பதினொண்ணரை கிலோ கனம்தான் காட்டும், அதே 20 கிலோ இரும்பு பதினேழுக்கு மேல நிக்கும். கொத்துறதுக்கும் அதுல ஒண்ணும் கெடையாது. கண்மாயில காத்தில்லாத நாள்ல தூண்டில் போடுறவுகளுக்கு சரி.

நாலு கொக்கி பாருக்குத்தான் லாயக்கு. எளகுன சேத்துல அந்த ஒல்லிக் கம்பி வெண்ணெயில கத்தி போன மாதிரி அறுத்துக்கிட்டு வந்துரும், 15 கிலோ ஆக்குனாலும் அதே கதைதான். சேத்துக்கு அகலத் தகடு வேணும், ரெண்டு தகடு மடங்குற டான்ஃபோர்த் மாடல். மணலுக்கு தகடு 30 டிகிரி சொச்சம் தொறந்தா போதும், சேத்துக்கு இன்னும் அகலமாத் தொறக்கணும். பட்டறையில அடிக்கலாம், ஆனா ரெண்டு தகடும் ஒரே அளவுல, ஒரே கோணத்துல வரணும், இல்லாட்டி ஒருக்களிச்சு உருளும். அந்த வேலைக்குப் பொறுமை இல்லாத பட்டறைன்னா கடையில வாங்கிருங்க.

கொக்கி மாடலே வேணும்னா டிஎம்டி கம்பி வேணாம், சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடு போடுங்க. பார்ல சிக்குனா இன்ஜின வச்சு இழுக்கிறப்ப ராடு நிமிந்து வந்துரும், கரையில பைப்ப மாட்டி திரும்ப வளைச்சுக்கலாம்.

இன்னொண்ணு, ஜிங்க் பூச்சு வெல்டிங் முடிஞ்ச பெறகுதான். பூசுன கம்பியில வெல்டிங் வச்சா அந்தப் புகைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். துருவ ஆராயறதுக்கு நம்மூர்ல சிக்ரின்னு மத்திய அரசு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கு, மண்டபத்துல உப்புக்காத்துல இரும்ப வச்சுப் பாக்குற எடம்கூட அவுகளுக்கு உண்டு, நாமதான் ரெட் ஆக்சைடு பெயிண்ட அடிச்சுட்டு முடிஞ்சதுங்கறோம்.

கோட்டைப்பட்டினம்:
டான்ஃபோர்த் கடல்புல்லு மேல புடிக்காது, வழுக்கிட்டே போவும். புல்லு உள்ள எடத்துல போடாம தள்ளி மணல் பாத்துப் போடுறது நல்லது, எங்க பக்கம் 2022ல கடல்பசுக் காப்பகம் அறிவிச்சிருக்காக, அதுக்குத் தீனியே அந்தப் புல்லுதான், நங்கூரம் இழுத்தா வேரோட வந்துரும்.

பார் பக்கம் போனா சங்கிலிய நங்கூரத்தோட தலைப்பக்கம், அதான் கொக்கி, தகடு இருக்கிற பக்கம் மாட்டி, தண்டோரமாக் கொண்டாந்து அடுத்த முனை வளையத்துல ஒரு மெல்லிசுக் கயித்தால கட்டுங்க. சிக்குனா அந்தக் கயிறு அறுந்து தலைப்பக்கமா இழுபட்டு வந்துரும். ஆனா ராத்தங்கல்னா அப்படிக் கட்டாதீக, காத்துல அதுவே அறுந்துரும். அப்பறம் கயித்த எப்பவும் அணியத்துலதான் கட்டணும், பின்னாடி கட்டுனா அலை இன்ஜின் பக்கமா ஏறி உள்ள விழும்.

தேவகோட்டைக்காரன்:
மச்சான்ட்ட கேட்டேன். கயிறு 70 அடியாம், பிபி, சங்கிலியே கெடையாதாம்! அப்ப மொதல்ல 150 அடி நைலானும் 2 பாகம் சங்கிலியும் வாங்கிப் பாத்துட்டு அப்பறம் தகடு மாடலுக்குப் போறோம். சங்கிலிய நங்கூரத்தோட மாட்டுற ஷாக்கிள் ஸ்டெயின்லெஸ் போடவா?

பட்டறைக்காரன் காரைக்குடி:
வேணாம், ஜிங்க் பூசுன சங்கிலிக்கு ஜிங்க் பூசுன ஷாக்கிளே போடுங்க. ஸ்டெயின்லெஸ்ஸ சேத்தா உப்புத்தண்ணியில சங்கிலிதான் வெரசா அரிக்கும். ஷாக்கிளோட பின்ன நல்லா முறுக்கி, அந்தப் பின்னு ஓட்டையில ஜிஐ கம்பிய விட்டு ரெண்டு சுத்து கட்டிருங்க, இல்லாட்டி ஆட்டத்துல பின்னு தானாக் கழண்டுரும்.