டெனர் சாக்ஸபோனில் கீழ் சுரங்கள் உடைகின்றன, உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். நான் டொராண்டோவில் இருக்கிறேன். பகலில் கணக்கு வேலை, செவ்வாய் இரவுகளில் ஒரு அமெச்சூர் பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழு) இரண்டாம் டெனர் சாக்ஸபோன். 5 சாக்ஸ், 4 டிரம்பெட், 4 டிராம்போன், பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று 17 பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. மிச்ச நேரத்தில் தச்சு வேலை, தொலைநோக்கி, பழைய ரேடியோ பழுது பார்ப்பது. எதையும் விட மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாகக் கீழ் பி, பி பிளாட் இரண்டும் உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவுகின்றன. மெதுவான பாட்டில் ஐந்து சாக்ஸும் ஒரே மூச்சாக இழையும் இடத்தில் என் சுரம் மட்டும் கரகரக்கிறது. நேற்று அறை விளக்கை அணைத்துவிட்டு, எல்.இ.டி. சரம் ஒன்றைக் குழலுக்குள் இறக்கிப் பார்த்தேன். கீழ் பி-க்கு விரல் வைத்ததும், மூடியே இருக்க வேண்டிய ஜி ஷார்ப் துளையின் மூடி மயிரிழை தூக்கிக்கொள்கிறது, ஓரத்தில் கோடாக வெளிச்சம்; அதாவது அங்கே காற்று கசிகிறது. அதை அமுக்கிப் பிடிக்க வேண்டிய கார்க் தேய்ந்து பாதியாகிவிட்டது.

கடையில் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். எங்கள் கச்சேரியோ அடுத்த சனிக்கிழமை.

கார்க்கை நானே மாற்றலாமா? எவ்வளவு தடிமன், எந்தப் பசை? இல்லை, அந்தக் கார்க்குக்கு மேலே உள்ள திருகைக் கால் சுற்று முடுக்கினால் போதுமா, இல்லை அப்புறம் எஃப் ஷார்ப் மூடி சரியாக உட்காராதா? கைப்பட இதைச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் யாராவது இருந்தால் கருவியோடு நானே வந்துவிடுகிறேன்.