பணிய லயத்துப் பீலியும் நாம் எடுக்காமல் விட்ட படங்களும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

லீவில் இலங்கை மலையகத்தில் நம் மஸ்கெலியாவுக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினேன். போன இரண்டாம் நாளே பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருந்தேன். மவுஸ்ஸாகலைத் தண்ணீருக்கு மேலே சிவனொளிபாதமலை, பனிக்குள் தேயிலை மலை, அந்தி வானம், இப்படி. எல்லோரும் நல்லா இருக்கு என்று எழுதினீர்கள். கூடலூர் அக்கா மட்டும் கூடவே ஒன்று கேட்டார்: "படம் அழகா இருக்கு தம்பி. பணிய லயத்துப் பீலி இருக்கா?" தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் லயம், அதில் கீழே இருப்பது பணிய லயம். எல்லோரும் தண்ணீர் பிடித்த, துவைத்த ஊற்றடிதான் பீலி.

அக்காவின் குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பம். எழுபதுகளில், ஒன்பது வயதில், அட்டனில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறியவர். பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. சிவனொளிபாதமலையின் படம் இணையத்தில் அவருக்கு ஆயிரம் கிடைக்கும். பீலியின் படம்? எங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைக்கு எடுத்த படம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டேன், இல்லை. காலையும் மாலையும் வாளியோடு போய் நின்ற இடத்தை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போனேன். பீலி இருக்கிறது அக்கா. மூங்கிலைப் பிளந்து செருகியிருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. தண்ணீர் விழுந்து விழுந்து கீழே கல் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது. துவைக்கிற கல்லின் மூலையில் ஒரு சிரட்டை, அதற்குள் தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டு. கல்லின் இடது விளிம்பில் விரல் வைத்தால் உள்ளே உட்காருகிற மாதிரி வழுவழுப்பாக ஒரு பள்ளம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டித் தீட்டி விழுந்தது. எத்தனை ஆட்களின் கை அதில் பட்டிருக்கும்! அதை மட்டும் கிட்டப் போய் ஆறு படம் எடுத்தேன்.

அதன் பிறகு மீதி ஒன்பது நாளும் காட்சிப் படம் எடுக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, மாடசாமிக் கல், பள்ளிக்கூடத்துக்கு ஏறும் குறுக்குப் படிகள் என்று தேடித் தேடி எடுத்தேன். மடுவத்தில் தராசு தொங்கிய கொக்கி இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற அம்மா இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கின் வாசம் எனக்கு வந்தது. தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, வெளியிலிருந்துதான் எடுத்தேன். உள்ளே எடுக்க அனுமதி வாங்க வேண்டும், கிடைக்கவில்லை.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1960களின் கடைசியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது நமக்குத் தெரியும். வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசலின் மிச்சங்கள் வெளியே தெரியும். இந்த முறையும் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வெடித்த சேற்றில் மேட்டு லயத்துத் தாத்தா என்னை நடத்திக்கொண்டு போய், "இது துணிக்கடை, இது சலூன், இந்த இடத்துலதான் எங்கப்பா எனக்கு முதல் செருப்பு வாங்கினாரு" என்று கைத்தடியால் சேற்றில் கோடு போட்டுக் காட்டினார். எனக்குக் கோடு மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கடைவீதியின் ஒரு படம் கையில் இருந்திருந்தால் அன்று எவ்வளவோ பேசியிருப்போம். இப்போது லயங்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஏழு பேர்ச் அளவு காணியில் தனி வீடு வருவது நமக்கு எவ்வளவு காலத்துக் கனவு! வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் நாம் பிறந்த காம்பராவை இடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை நின்று எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் பேர் பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன் நம் பக்கத்தில்தான் கண்மூடினார். 1879இல், டிக்கோயாவில். பொகவந்தலாவ தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. அவர் இலங்கையில் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். முகங்களில் அவ்வளவு உயிர், ஆனால் அதில் நிற்கிற நம் சனங்கள் பெரும்பாலும் பேரில்லாமல்தான் நிற்கிறார்கள். அதனால் தயவுசெய்து படம் எடுத்த அன்றே ஆளின் பேர், லயம், தேதி எல்லாம் எழுதி வையுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததும் அவர்களிடம் காட்டுங்கள். கொழுந்தெடுக்கிற பெண்களை வேனில் போகிறவர்கள் கேட்காமலே எடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அக்காமார்களுக்கு அது பிடிக்கவில்லை. நாம் அப்படிச் செய்யக் கூடாது.

தை, மாசியில் போகிறவர்களுக்குக் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல வெளிச்சம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் வெள்ளையடித்த சுவர் கண்ணைப் பறிக்கும், வாசலில் நிற்கிறவரின் முகம் இருண்டுவிடும். அப்போது ஆளை இஸ்தோப்புத் திண்ணை நிழலுக்குள் கொஞ்சம் உள்ளே நிறுத்துங்கள். வெளியில் குளிர்ந்த போனை அடுப்பெரியும் காம்பராவுக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். அவசரப்படாமல் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், அதற்குள் தேத்தண்ணியும் வந்துவிடும். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் நேரத்தில் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து மலையுச்சி வரை ஓடும் விளக்குச் சரத்தை எடுக்க ஆசைப்படுகிறவர்கள், போனைச் சுவரில் சாய்த்து வைத்து, டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

என்னுடைய படங்கள் முந்நூற்று நாற்பது இருக்கின்றன. பேரெல்லாம் எழுதி முடித்து அடுத்த வாரம் ஏற்றுகிறேன். பழைய டிஸ்பென்சரியும் மேட்டு லயத்துக் கடைசித் தொங்கல் காம்பராவும் எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டு நாளும் மழை.

பீலிப் படத்தைப் பார்த்துவிட்டு அக்கா நேற்று இரவு எழுதியிருந்தார். அந்தப் பள்ளம் அவருடைய அப்பா கத்தி தீட்டிய இடம்தானாம். அப்பா தீட்டும்போது அக்கா எதிரே கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். நான் அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் அத்தனை படத்தையும் எடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு யார் போகிறீர்களோ, துவைக்கிற கல்லில் நின்றுகொண்டு மரத்துப் பக்கமாக ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புங்கள். மரம் இல்லாவிட்டாலும் அந்த இடத்தை எடுங்கள்.

அன்புடன்,
பணிய லயம், நாலாம் காம்பராத் தம்பி