இந்த மாதத் தலைப்பு 'தண்ணீர்': அசோகமித்திரனுக்கு அடுத்து எதை எடுக்கலாம்?

கூடுவாஞ்சேரி வாசகி:
வணக்கம். நாங்கள் நான்கு தோழிகள், மாதம் ஒரு தலைப்பு என்று வைத்துப் படித்து வருகிறோம். ஜனவரியில் பன்னிரண்டு சீட்டு எழுதி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம். கடைசி ஞாயிறு யார் வீட்டிலாவது கூடி, படித்ததைப் பேசிவிட்டு அடுத்த சீட்டை எடுப்போம். விதி ஒன்றுதான்: தலைப்பு அட்டையில் மட்டும் இருந்தால் போதாது, கதைக்குள்ளே ஓட வேண்டும்.

இந்த மாதம் 'தண்ணீர்'. கேட்டவுடனே அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்தேன். ஆபீஸ் போக வர மின்சார ரயிலிலேயே நான்கு நாளில் முடிந்துவிட்டது. ஜமுனாவும் சாயாவும் தண்ணீருக்குப் படுகிற பாட்டைப் படிக்கப் படிக்க எனக்கு 2019 கோடைதான். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருஷம். லாரிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவோம். குடம் மாறிவிடக் கூடாதென்று என் மாமியார் எங்கள் குடத்தின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவைத்தார். இன்னும் அவிழ்க்கவில்லை, வெளுத்துப்போய் அப்படியே கிடக்கிறது.

குழாயடி போதும், இனி ஆறோ கடலோ வேண்டும். கனமான புத்தகம் வேண்டாம். போன மாதம் 'பயணம்' தலைப்புக்குப் பெரிய நாவலாக எடுத்துப் பாதியில் நின்றேன். மற்றவர்கள் முடிவைப் பேசும்போது எழுந்து உள்ளே போக வேண்டியதாயிற்று. வீட்டில் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' இருக்கிறது. அது இந்தத் தலைப்பில் சேருமா?

மணல்மேட்டுக்காரன்:
சேராதுங்க. அந்தப் பெயர் புறநானூற்று வரி. 'யாதும் ஊரே' பாட்டில், ஆற்று வெள்ளத்தோடு போகிற தெப்பம்போல உயிர் போகும் என்று வருமே, அது. நாவல் கொங்குப் பக்கத்துக் குடிநாவிதர் குடும்பத்தின் கதை. அருமையான நாவல், 2023இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கியது. பாட்டிலில் 'உறவு' என்று சீட்டு இருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு என்றால் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. கதை இல்லை, காவிரிக் கரையோடு போன பயணம். எங்கே விட்டாலும் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம், ரயிலுக்குத் தோது. நான் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவன், எனக்கு அதைவிட நெருக்கமான புத்தகம் கிடையாது. வைகை அணைக்காக ஊர்கள் முழுகிய கதை வேண்டுமென்றால் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. ஆனால் கொஞ்சம் பெரிசு.

நெய்தல்:
கடலுக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தயங்காமல் எடுங்கள். ஒல்லியான புத்தகம். வல்லத்தை, அதாவது தன் நாட்டுப் படகை, விட்டுவிட்டு வர மனசில்லாத அப்பன், மகள் பிலோமி, ஊருக்குள் லாஞ்சு என்கிற மோட்டார் படகு வந்ததும் வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் மூளுகிற பகை. உங்கள் விதிப்படி பார்த்தாலும் கடலை எடுத்துவிட்டால் அதில் கதையே இல்லை. கடற்கரையில் பிறந்தவள் நான். எங்கள் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது வரும் ஈரக் கயிற்று வாசனை அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' இதைவிட விரிவானது, மூன்று தலைமுறைப் பரதவர் வாழ்க்கை. ஒரு மாதத்துக்குள் அவசரமாக முடிக்கிற புத்தகம் அல்ல அது. விடுமுறைக்கு ஒதுக்குங்கள்.

திருகோணமலையான்:
அக்கா, ஒரு சிறுகதையும் சொல்லட்டுமா? எங்கட மூதூர் வ. அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி'. தனக்கென்று சொந்தமாய் ஒரு தோணி வேண்டுமென்று ஏங்குகிற மீனவப் பெடியனின் கதை. அந்தப் பெயரில் வந்த தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். 'கடல்புரத்தில்' வாசித்த கையோடு வாசியுங்கோ. அங்கே கையிலிருக்கிற வல்லத்தை விட முடியாத கிழவன், இங்கே தோணி கைக்கு வராத பெடியன்.

கூடுவாஞ்சேரி வாசகி:
எல்லோருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வரிக்காகவே இரண்டையும் சேர்த்து எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இதையே தோழிகளிடம் கேட்கப் போகிறேன்: படகு இருப்பவன் கஷ்டம் பெரிதா, இல்லாதவன் கஷ்டம் பெரிதா? மணல்மேட்டுக்காரரே, காவேரியை என் மாமியாருக்கு வாங்கப் போகிறேன். அவருக்குப் பிறந்த ஊர் குளித்தலை. ஆற்றைப் பற்றி ஒரு பக்கம் படித்துக் காட்டினால் போதும், மீதியை அவரே சொல்லுவார்.

நெய்தல், 'கடல்புரத்தில்' எங்கள் கிளை நூலகத்திலேயே இருக்கிறதாம், போன் போட்டுக் கேட்டுவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே அங்கேதான்.